இரண்டு கலங்கல்களுக்கு நடுவில் ஒரு கோடு

மார்ச் 4, செவ்வாய்

மகளின் ஆராய்ச்சித் தொட்டிக்கு இன்று கம்பிவலை பொருத்திக் கொடுத்தேன். கல்லூரிப் பட்டறையில் இருக்கும் ஒரே ஃபிட்டர் நான். அப்பனே மகளுக்கு எடுபிடி. வீட்டில் பழகியதுதான்.

நீளத் தொட்டியில் இரண்டு ஓட்டங்கள் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. இடது பக்கம் பெரிய கண் வலை. தண்ணீர் பெரிய பெரிய சுழலாகப் புரளும். வலது பக்கம் சின்னக் கண், பொடிச் சுழல். இடதில் மட்டும் சாயம். இரண்டுமே கலங்கிப் புரளும் தண்ணீர்தான். ஆனாலும் நடுவில் கத்தியால் கீறினாற்போல் ஓர் எல்லை இருக்கிறதாம்! பலமாகப் புரளும் பக்கம் மெலிந்த பக்கத்தைத் தின்றபடி போகுமாம். ஆகவே எல்லை வலப்பக்கம் நகருமாம்.

"நானும் உங்கம்மாவும் மாதிரியா?" என்று கேட்டேன்.

"உன் கேஸ்ல எல்லையே மிஞ்சலப்பா."

மார்ச் 7

தொட்டியின் கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்தேன். கோடு எங்கே? வெளுத்த துணி மாதிரி சாயம் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது, அவ்வளவுதான். அவள் மேஜையில் கிடந்த படத்திலோ கடற்கரை வரைபடம் போல வளைந்து நெளிந்து பளிச்சென்று ஒரு கோடு.

அது எங்கிருந்து வந்தது?

மார்ச் 10

படம் எடுக்கும்போது கதவைச் சாத்திவிடுகிறார்கள். வெளியே சிவப்பு விளக்கு. உள்ளே இவளும், கேமரா பார்க்கும் ஒல்லிப் பையனும் மட்டும். மகளுக்குக் காதல் என்றாலாவது நிம்மதியாக இருப்பேன்.

சாயங்காலம் அவள் அறைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் படத்திலிருந்து எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அழிக்கிற?"

"குப்பைப்பா. உனக்குப் புரியாது, போ."

குப்பையா? அடுத்த மாதம் ஆய்வேட்டை ஒப்படைக்கப்போகிறாள். இல்லாத கோட்டை வரைந்து பட்டம் வாங்கி, பிறகு ஒருநாள் மாட்டிக்கொண்டால்?

மார்ச் 11

வீட்டுக்காரியிடம் மெல்லச் சொன்னேன்.

"பெத்த பொண்ணையே சந்தேகப்படுறீங்களா?"

"சேச்சே, தண்ணியத்தான்."

பேச்சு அதோடு நின்றது. என் தூக்கமும்.

மார்ச் 12, புதன்

செய்துவிட்டேன்.

மதியம் அவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது வலைப்பெட்டியின் மூடியைக் கழற்றி, இடது வலையை வலதிலும் வலது வலையை இடதிலும் மாற்றிக் கட்டிவிட்டு மூடினேன். மூடி இரும்பு, வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. உண்மையில் அளக்கிறாள் என்றால் எல்லை இந்த முறை இடப்பக்கம் நகர வேண்டும். வரைகிறாள் என்றால் வழக்கம்போல் வலப்பக்கம்தான் வரைவாள்.

பத்தாவதோடு நின்றவனுக்கு இவ்வளவு மூளை இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம்.

மார்ச் 13

வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் தலைகீழாப் போச்சுப்பா. எல்லை இடப்பக்கம் போகுது."

எழுந்து ஆடலாம் போலிருந்தது எனக்கு. என் மகள் பொய் சொல்லவில்லை! அதற்குள் அடுத்ததைச் சொன்னாள்.

"இவ்வளவு நாள் நான் அளந்தது மொத்தமும் தப்பா இருக்கலாம். ஏட்ட இப்ப ஒப்படைக்கலன்னு நாளைக்கு கைடு சார்கிட்ட சொல்லிடப்போறேன்."

ஆடிக்காட்டு இப்போது! சொல்லிவிடுடா என்று வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "சாப்டியாம்மா?"

அட மடையா.

மார்ச் 14

அவள் சாரைப் பார்ப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஓடினேன். ஆனால் பெட்டி ஏற்கெனவே திறந்து கிடந்தது. வேறு குழுவில் யாரோ செய்த சதி என்று ஒல்லி குதித்துக்கொண்டிருந்தான். இவள் அவனை வெளியே அனுப்பினாள்.

"கட்டுக்கம்பி முனையெல்லாம் உள்பக்கமா மடிச்சிருக்குப்பா. திருட்டு வேலையில கூட என் கையில குத்தக்கூடாதுன்னு நினைக்கிறவன் யாரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் அழித்ததைப் பார்த்தது வரைக்கும்.

"அது காத்துக் குமிழிப்பா! ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டேனே. குப்பைன்னு சொன்ன."

சட்டென்று அவள் முகம் வாடிவிட்டது. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தாள். தாள் போல மெல்லிய ஒளி ஒன்று தண்ணீருக்குள் பாய்ந்தது.

"நீ வெளிய நின்னு மொத்த ஆழத்தையும் ஒண்ணா பார்த்த. ஆயிரம் கோடு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா மங்கலாத்தான் தெரியும். இப்ப ஒரே ஒரு சீவல் மட்டும் பாரு."

இருந்தது. சுருண்டு, மடிந்து, ஒரு நாக்கு உள்ளே நீண்டு அந்தப் பக்கத்தை விழுங்கியது. அடுத்த நொடியே இன்னொரு இடத்தில் விழுங்கியதைத் துப்பியது. இரண்டு கலங்கல்களுக்கு நடுவில் அவ்வளவு சுத்தமான கோடு.

கண்ணாடி இருட்டுக்குள் என் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 18

பேச்சு இல்லை. வீட்டில் மூன்று பேர், மூன்று எல்லை.

மார்ச் 21

சாரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். மனுஷர் சிரித்தாராம். ராத்திரி என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே வலைய நீயே மாத்துப்பா. இல்ல மாத்தாம விடு. எங்க யார்கிட்டயும் சொல்லாத. நாங்க படத்தப் பார்த்து எந்தப் பக்கம்னு சொல்றோம். அப்புறம் நீ பெட்டியத் திற."

"அதாவது சந்தேகப்படுறதே என் வேலைங்கிற?"

"நல்லா வருதுல்ல உனக்கு?"

ஏப்ரல் 2

இன்று என்ன செய்தேன் என்று இங்கேகூட எழுதப்போவதில்லை.

சாப்பிடும்போது மகள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு ஏன் உங்கள அப்படிப் பார்க்குறா?" என்றாள் வீட்டுக்காரி.

"இப்ப அவ முறை" என்றேன்.