சாவி என்னிடம் இருந்தது

நாள் 203. 08:15

நிலவின் தென்முனை, மூன்றாம் பனிக்குழி நிலையம். பதிவு: முனைவர் மாசிலாமணி, உயிர்காப்புப் பொறியாளர்.

ஆக்சிஜன் 20.8 விழுக்காடு. கரியமில வாயு வரம்புக்குள். நீர் மீட்பு 94 விழுக்காடு. இரண்டாம் வடிகட்டி மாற்றப்பட்டது.

வாராந்திரச் சோதனை: இதய அதிர்வுக் கருவி, நடைபாதைச் சுவர். பச்சை விளக்கு எரிகிறது. மின்கலம் நிறைவு. ஒட்டுப் பட்டைகள் காலாவதியாக இன்னும் பதினான்கு மாதங்கள்.

இதைப் பின்னால் யார் படிக்கிறீர்களோ, உங்களுக்காகச் சொல்கிறேன். இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கினால் ஆள் விழுவார். அந்த நடுக்கத்தை நிறுத்துவதற்குத்தான் இந்தப் பெட்டி. மூடியைத் திறந்தால் தமிழில் பேசும். பட்டையை எங்கே ஒட்டுவது, எப்போது விலகி நிற்பது, எப்போது பொத்தானை அழுத்துவது, எல்லாவற்றையும் அதுவே சொல்லும். தேவைப்படாதவருக்கு மின்சாரம் கொடுக்காது. மருத்துவர் வேண்டாம், பயிற்சிகூடக் கட்டாயமில்லை. பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தால் போதும், பெட்டி அவர் கைக்கு எட்ட வேண்டும். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

இதையெல்லாம் நான் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்தேன்.

நாள் 204. 17:40

அளவீடுகள் நேற்றைப் போலவே.

இங்கே மூவர் இருக்கிறோம். பனி துளைக்கும் இயந்திரத்தை இயக்குபவள் ஜெபக்கனி, தூத்துக்குடிப் பெண், முப்பத்தொரு வயது, வேலையில் குறை சொல்ல முடியாது. நிலையத் தலைவர் குற்றாலிங்கம், தென்காசிக்காரர், ஐம்பத்தேழு வயது. ஏணியில் ஆறு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்றாவது நான். தலைவர் பதவிக்கு என் பெயர்தான் முதலில் இருந்தது.

பூமியில் நானும் குற்றாலிங்கமும் ஒரே திட்டத்தில் இருந்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு பேருந்து நிலையங்களில் இந்தக் கருவியை வைத்தேன். எல்லாம் திறந்த பெட்டி, கண் மட்டத்தில். மேலதிகாரியாக இருந்த அவர், திருட்டுப் போய்விடும் என்று எல்லாவற்றையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். சாவி காவலாளியிடம். ஒரு நாள் ஒரு பள்ளி ஆசிரியை அலமாரிக்கு எதிரிலேயே விழுந்தார். காவலாளி டீ குடிக்கப் போயிருந்தான். விசாரணை நடந்தது. கருவியைப் பொதுமக்கள் அணுகும்படி வைக்கத் தவறியதாக எனக்குக் குறிப்பாணை வந்தது. அவருக்குப் பதவி உயர்வு.

இதைப் பதிவில் எழுதுவது முறையல்ல. எழுதிவிட்டேன்.

நாள் 206. 10:20

ஆயுத பூஜை. நிலையத்தில் நெருப்பு கூடாது என்பதால் தலைவர் டார்ச் விளக்கால் தீபாராதனை காட்டினார். துளைமுனைகள், திருகுச் சாவிகள், ஊர்தியின் உதிரிச் சக்கரம், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

நடைபாதைச் சுவரில் கருவி இல்லை. சக்கரத்துக்குப் பின்னால், பொரிப் பொட்டலத்தின் அடியில் கிடந்தது. பச்சை விளக்கின் மேல் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

உள்தொடர்பில் கேட்டேன். அவர் பதில், அப்படியே:

"என்னவே மாசிலாமணி, சாமிக்கு வச்சதுக்குப் போயி குதிக்கீரு? அதுவும் ஆயுதந்தானவே! நாளைக்குக் காலைல எடுத்து மாட்டிரலாம். ஒரு நாள்ல ஒமக்கு நெஞ்சு நின்னுராது. அதுக்கு முதல்ல நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கணும்லா!"

ஜெபக்கனி சிரித்தது கேட்டது. அவளும்:

"சார், கோவப்படாதிய. சர்ச்சுக்குப் போற நானே என் டிரில்லுக்குப் பொட்டு வச்சிருக்கேன். பொரி கொஞ்சம் எடுத்துக்கோங்க."

கருவியை எடுத்துவந்தேன். துடைத்தேன். பண்டக அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இருவரும் பயன்பாட்டுப் பயிற்சி முடிக்கும்வரை கருவி என் பொறுப்பில் இருக்கும் என்று அறிவிப்பு ஒட்டினேன்.

நாள் 209. 12:05

ஜெபக்கனி உள்தொடர்பில்:

"சார், எனக்கு அந்த ஷாக் பெட்டிய எப்படிப் போடணும்னு சொல்லித் தாங்க. அரை மணி நேரந்தானே? அப்புறமா அத சுவத்துல மாட்டிரலாம்லா."

நிலையத் தலைவர் முதலில் எழுத்தில் கேட்கட்டும், இருவருக்கும் சேர்த்து நடத்தலாம் என்றேன்.

தலைவரின் பதில், பத்து நிமிடம் கழித்து:

"எழுத்துல கேக்கணுமா? ஏட்டி கனி, இந்த மனுசன் வீட்டுல தண்ணி குடிக்கவும் மனு வாங்குவாரு போல. விடு, அவரே வச்சி அழகு பாக்கட்டும்."

அவர் கேட்கவில்லை. நானும் நடத்தவில்லை.

நாள் 214. 13:50

சம்பவ அறிக்கை.

தென்முகட்டு அலைபரப்பிக் கோபுரத்தைப் பழுதுபார்க்க 09:30-க்கு ஊர்தியில் கிளம்பினேன். தூரம் பதினெட்டு கிலோமீட்டர். வானொலிப் பதிவிலிருந்து:

11:42:05. ஜெபக்கனி: "சார்! சார், கேக்குதா? அண்ணாச்சி விழுந்துட்டாவ. பேசிக்கிட்டே இருந்தாவ, அப்படியே சரிஞ்சிட்டாவ!"

11:42:31. ஜெபக்கனி: "கண்ணு மேல சொருகிட்டு. கூப்பிட்டா அசைவே இல்ல. மூச்சு ஒரு மாதிரி இழுக்கு சார்."

11:43:10. ஜெபக்கனி: "பெட்டி எங்க சார்? நீங்கதான எடுத்துட்டுப் போனிய, எங்க வச்சிருக்கிய?"

11:43:48. ஜெபக்கனி: "யேசப்பா... சார், பேசுங்க சார்! என்ன செய்யணும்னு சொல்லுங்க!"

11:44:15. மாசிலாமணி: "கேக்குது. ஸ்டோர் ரூம் அலமாரில இருக்கு. பூட்டியிருக்கு."

11:44:21. ஜெபக்கனி: "சாவி?"

11:44:24. மாசிலாமணி: "என்கிட்ட."

11:44:30. ஜெபக்கனி: "நான் ஒருத்திதான் சார் இருக்கேன். நெஞ்ச அமுக்கட்டுமா, பூட்ட ஒடைக்கட்டுமா?"

11:44:36. மாசிலாமணி: "பூட்டை உடை."

11:50:40. ஜெபக்கனி: "தெறந்துட்டு! எடுத்துட்டேன்!"

11:51:20. கருவியின் குரல்: "பட்டைகளைப் படத்தில் உள்ளபடி வெற்று மார்பில் ஒட்டவும்."

11:52:02. கருவியின் குரல்: "அதிர்வு தேவை. அனைவரும் விலகி நிற்கவும். மின்னும் பொத்தானை அழுத்தவும்."

11:52:06. ஜெபக்கனி: "அமுக்கிட்டேன். அண்ணாச்சி, எந்திரிங்க. எந்திரிங்க அண்ணாச்சி."

11:54:15. கருவியின் குரல்: "அதிர்வு தேவையில்லை. நெஞ்சை அழுத்துவதைத் தொடரவும்."

நான் 12:27-க்கு உள்ளே வந்தேன். ஜெபக்கனி அழுத்திக்கொண்டிருந்தாள். பூட்டை உடைத்ததில் அவள் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. தோளைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது. குற்றாலிங்கம் இறந்ததாக 12:31-க்குக் குறித்தேன்.

குறிப்பு: 11:42:05 முதல் 11:44:15 வரை முகட்டின் மறைவால் தொடர்பு தடைப்பட்டது.

நாள் 217. 09:30

அளவீடுகள் வரம்புக்குள். ஆக்சிஜன் நுகர்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. எதிர்பார்த்ததுதான்.

தலைமையகத்திலிருந்து:

"சம்பவ அறிக்கை ஏற்கப்பட்டது. கருவி பழுதின்றிச் செயல்பட்டது அதன் பதிவிலிருந்து உறுதியாகிறது. கருவியைத் தூசு, ஈரம், முறையற்ற கையாளுதல் ஆகியவற்றிலிருந்து பாதுகாத்து வைத்திருந்த பொறியாளரின் நடவடிக்கை பாராட்டத்தக்கது. இனி நிலவில் உள்ள பதினான்கு நிலையங்களிலும் மேற்படி கருவி பொறுப்பு அலுவலர் வசம் பூட்டி வைக்கப்பட வேண்டும். முனைவர் மாசிலாமணி உடனடியாக நிலையத் தலைவர் பொறுப்பை ஏற்கிறார். ஆணை கிடைத்தமைக்கு ஒப்பம் அனுப்பவும்."

நான்கு முறை படித்தேன். பன்னிரண்டு வருடங்களாக அவர்கள் எனக்கு எழுதியதில் இதுதான் முதல் பாராட்டு.

ஒப்பம் அனுப்பினேன்.

நாள் 219. 16:10

ஜெபக்கனி சாப்பிடுவதில்லை. துளைப்பகுதியிலேயே இருக்கிறாள். உள்தொடர்பில் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்கிறாள்.

"சார், நான் மொதல்ல நெஞ்ச அமுக்கியிருக்கணுமோ?"

"கம்பிய வச்சி நெம்பாம நேரா டிரில்ல எடுத்திருந்தா ரெண்டு நிமிசத்துல தெறந்திருக்கும்லா?"

"நீங்க லைன்ல வர்ற வரைக்கும் மரம் மாதிரி நின்னுட்டேன் சார். அந்த ரெண்டு நிமிசம். எனக்கா தோணியிருக்கணும்லா, நெஞ்ச அமுக்கணும்னு."

அந்த இரண்டு நிமிடத்துக்கு அவள் பொறுப்பல்ல என்றேன். சிக்னல் இல்லை, யாரும் என்ன செய்ய முடியும் என்றேன்.

"உங்கள நான் குத்தஞ் சொல்லல சார்," என்றாள். "நீங்க எவ்ளோ தவிச்சிருப்பிய அங்க."

நாள் 223. 14:20

பூமிக்குத் திரும்பும் ஓடம் இறங்கியது. உடலும் ஜெபக்கனியும் பூமிக்குப் போகிறார்கள். அவளுக்குப் பதிலாக ஆள் வர நாற்பது நாள் ஆகும். அதுவரை நான் மட்டும்.

ஓடம் கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இதை எழுதி அவளிடம் கொடுத்தனுப்ப நினைத்தேன்.

முகட்டில் மறைவு எதுவும் கிடையாது. நான் நின்றது அலைபரப்பிக் கோபுரத்தின் அடியில். இந்த முனையில் அதைவிடத் தெளிவாகக் கேட்கும் இடம் வேறில்லை. தலைமையகத்தில் ஒருவர் வரைபடத்தை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

அவளுடைய முதல் அழைப்பே கேட்டது. இரண்டாவதும் கேட்டது. பேசும் விசையின் மேல் விரல் இருந்தது.

அதிர்ச்சியில் உறைந்துவிட்டேன் என்று மூன்று நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். உறைந்தவன் எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். நான் எண்ணினேன். ஒரு நிமிடம், பத்தில் ஒரு பங்கு. இரண்டாவது நிமிடம், இன்னொரு பங்கு. பெட்டி எங்கே என்று அவள் கேட்டபோது, குற்றாலிங்கத்தின் ஆளே என்னிடம் அதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று தோன்றியது. அந்த ஆசிரியைக்காக அன்று பேருந்து நிலையத்தில் யாரெல்லாம் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். அந்த ஆசிரியையைப் பற்றித்தான் நினைத்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். இல்லை. குறிப்பாணையைத்தான் நினைத்தேன். அதன் எண் இன்னும் மனப்பாடம்.

நெஞ்சை எப்படி அழுத்துவது என்று அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதற்கு முன்பே, அவள் கேட்ட 209-ஆம் நாளோ அடுத்த நாளோ, அரை மணி நேரத்தில். பயிற்சி இல்லாதவரும் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கே எழுதிக் கொடுத்தவன், ஒரு மனு வரட்டும் என்று பூட்டி வைத்தேன்.

பேருந்து நிலையக் காவலாளி டீ குடிக்கப் போயிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

கேட்பதற்கு நன்றாக இருந்தது. அதுதான் உண்மை. இரண்டு நிமிடம் பத்து வினாடி, பன்னிரண்டு வருடங்களில் முதல் தடவையாக எனக்கு நன்றாக இருந்தது.

நாள் 223. 15:34

கொடுக்கவில்லை. அவள் பை ஏற்கெனவே ஏறிவிட்டது.

ஓடத்திலிருந்து, கிளம்புவதற்கு நான்கு நிமிடம் முன்பு:

"சார், ஒண்ணு சொல்லணும். அண்ணாச்சி வீட்ல போயி அந்த அக்காட்ட நானே சொல்லிருதேன், என்னாலதான் லேட்டாச்சின்னு. நீங்க மனசப் போட்டு ஒளப்பிக்காதிய. பூட்ட நான் சீக்கிரம் ஒடச்சிருக்கணும். என்னைய மன்னிச்சிருங்க சார்."

விசையை உடனே அழுத்தினேன். ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை. பதிவில் பார்க்கலாம்.

"பரவால்லம்மா," என்றேன். "உன்னால முடிஞ்சத நீ செஞ்ச."

"தேங்க்ஸ் சார்," என்றாள்.

15:31. தொடர்பு முடிந்தது.