யார் கால் முதலில் தரையில் பட்டது

மாஸ்கோ, பனிக்காலம்

அன்புள்ள வினிஃப்ரெட்,

நீ சுகமா? மாமாவின் இருமல் குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன். கால் விரல்கள் மட்டும் கொஞ்சம் மரத்திருக்கின்றன.

அது வேடிக்கையான கதை. நகர எல்லையில் எங்கள் தூதரை வரவேற்க ஜார் மன்னரின் அதிகாரி வந்தார். இருவருமே பனிச்சறுக்கு வண்டியைவிட்டு இறங்கவில்லை. யார் கால் முதலில் தரையில் படுகிறதோ அவருடைய மன்னர் சிறியவராம்!

"அந்தாளை மொதல்ல எறங்கச் சொல்லுய்யா!" என்று மொழிபெயர்ப்பாளரிடம் கத்தினார் தூதர்.

"எங்க ஊருக்கு வந்தவர்தானே மொதல்ல எறங்கணும்?" என்று பதில் வந்தது.

வேலைக்காரர்கள் நாங்கள் அதுவரை பனியில்தான் நின்றோம். எங்கள் காலால் எந்த மன்னர் சிறியவரானார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இருவரும் ஒன்றாக இறங்குவதென்று முடிவானது. தூதர் குதித்தார். அதிகாரியை அவருடைய ஆட்கள் அக்குளில் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கால்கள் தரைக்கு ஒரு சாண் மேலே ஆடின! தூதர் அன்று சாப்பிடவே இல்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. கடையில் வாங்காதே, நீ பின்னியதே வேண்டும். கடிதம் கொண்டுபோகும் வணிகர் அவசரப்படுத்துகிறார்.

நான் புறப்பட்ட அன்று, யார் முதலில் பேசுவது என்று இருவரும் வாய் திறக்காமலே பிரிந்தோமே. இதோ, என் கால்தான் முதலில் தரையில் பட்டிருக்கிறது. நீயும் அந்த அதிகாரியைப் போலத் தொங்கிக்கொண்டிருக்காதே.

உன்
ரால்ஃப்