இங்கிலீஷில் போட்ட சண்டை

செக்கண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

என் மகன் ஃபீஃபிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அந்த லண்டன் குளிரில் ஒன்றும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். உடம்பைத் தவிர இங்கே வேறு எதுவும் சரியாக இல்லை, அதற்குக் காரணம் நீதான். மன்னிப்புக் கேட்டு நீ எழுதியது வந்தது. படித்ததும் கோபம் குறையும் என்று பார்த்தேன், இன்னும் ஏறியது.

பக்கத்து அடுப்பில் மீன் புகை போடுகிற மான்சாவோடு எனக்கு நடந்த சண்டையை உனக்கு எழுதினேன், உண்மைதான். மீன் கழுவிய தண்ணீரை, நான் சோள மாவுக் கென்கியைக் கட்டி அவிக்கக் காயப்போட்டிருந்த வாழையிலை மேல் ஊற்றினாள். நான் கத்தினேன், அவள் அறைந்தாள், "உன்னை மீனோடு மீனாக அடுக்கிப் புகை போட்டுவிடுவேன்" என்றாள். அதற்கு முன்னால் நான் அகப்பையால் அவள் தோளில் போட்டதை எழுதவில்லை. தன் சண்டையைச் சொல்லும்போது எவள் அதையெல்லாம் சொல்வாள்? ஆனால் மறுநாளே மான்சா முட்டை கொண்டு வந்தாள். நான் கிழங்கு மசித்துப் பனை எண்ணெய் ஊற்றி அந்த முட்டையை மேலே வைத்தேன், இரண்டு பேரும் ஒரே சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டோம். இந்த முற்றத்தில் சண்டை இப்படித்தான் முடியும், நீ பார்த்து வளர்ந்தவன். முடிந்துவிட்டது என்று எழுதவில்லையே என்கிறாய். சண்டை முடிந்ததைச் சொல்ல யாராவது தபால்தலை வாங்குவார்களா?

நீ என்ன செய்தாய்? வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இங்கே உள்ள போலீசுக்கே பதிவுத் தபாலில் புகார் அனுப்பினாய். அறைந்ததை அசால்ட் ஆக்கினாய், புகை போடுவேன் என்றதைக் கொலை மிரட்டல் ஆக்கினாய். இந்தக் கடற்கரையில் அப்படிச் சொல்லாத மீன்காரி யார்? நான் உன் அப்பாவை வாரத்துக்கு ஒரு முறை உயிரோடு புதைக்கிறேன். நம் பேச்சில் அது காற்றோடு போய்விடும், உன் இங்கிலீஷில் அதற்குச் சட்டப் பிரிவு இருக்கிறது. நானே மண்டை உடைந்து ஸ்டேஷனில் போய் நின்றிருந்தால், எழுதக் காகிதம் வாங்கி வா என்று அனுப்பியிருப்பார்கள். வெளிநாட்டு முத்திரையோடு நல்ல இங்கிலீஷ் வந்ததும் ஜீப்புக்குப் பெட்ரோல் கிடைத்துவிட்டது. தினமும் என்னிடம் கென்கி வாங்கித் தின்கிற சார்ஜன்ட்தான் வந்தார். இது எப்போதோ முடிந்துபோன சண்டை என்று கெஞ்சினேன். அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "சண்டைக்கு இங்கிலீஷ்ல ஏகப்பட்ட வார்த்தை இருக்கும்மா. சிலதுக்குப் புத்தி சொல்லி அனுப்பிடுவோம், சிலதுக்கு லாக்கப்பு. உங்க பையன் லாக்கப்பு வார்த்தையாப் பொறுக்கி எழுதியிருக்கான். லண்டன்லேருந்து வந்ததக் குப்பையில போட முடியுமா?"

மான்சா அழவில்லை, திட்டவும் இல்லை. ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்து, "ஏன்டி அராபா, என் முட்டையத் தின்னுட்டா எழுதிக் குடுத்தே?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் உள்ளே கிடந்தபோது அடுப்பில் அடுக்கியிருந்த மீனுக்கு நான்தான் நெருப்புப் பார்த்தேன். என் கைக்கு அந்த வேலை வரவில்லை, பாதி கருகியது, பாதி நாறியது. புகாரைத் திரும்ப வாங்கப் போனால், இனி அது அரசாங்கத்தின் வழக்கு என்றார்கள். அரசாங்கத்தையா அவள் அறைந்தாள்? நீதிமன்றத்தில் நீதிபதி நம் ஆள்தான், நம் மொழி அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் எங்களோடு இங்கிலீஷில்தான் பேசினார், நடுவில் ஒருவன் நின்று மொழிபெயர்த்தான். என் கூடப் பிறந்தவள் மாதிரி அவள், முதலில் அடித்தது நான் என்று சொன்னேன். அதனால் அவளை விட்டார்கள், கூடவே என்னையும் பிடித்தார்கள். ஒரு வருஷத்துக்கு ஒருவரோடு ஒருவர் சண்டை போடமாட்டோம் என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மீறினால் சிறை.

அன்றிலிருந்து முற்றம் சவக்கிடங்கு மாதிரி இருக்கிறது. இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்கிறார் உன் அப்பா, அவரிடமும் பேச்சை நிறுத்திவிட்டேன். மான்சா என்னைப் பார்த்தால் "வணக்கம் மேடம்" என்கிறாள். இருபது வருஷமாக என்னை அடியே என்று கூப்பிட்டவள். போன வாரம் வேண்டுமென்றே அவள் அடுப்படியில் சாம்பல் தண்ணீரைக் கொட்டினேன். ஒரு கெட்ட வார்த்தை வரட்டும், சிறை என்றால் சிறை என்றுதான் கொட்டினேன். "பரவாயில்லைங்க" என்று சொல்லி அவளே துடைத்தாள். உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். சண்டை போடமுடியாதவளிடம் சமாதானமாகப் போவது எப்படி, சொல்லு.

நீ எழுதுகிறாய், எல்லாம் பேக்ஃபயர் ஆகிவிட்டது, எதிர்பாராத விளைவு என்று. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு சார்ஜன்டிடம்தான் அர்த்தம் கேட்டேன், துப்பாக்கி பின்பக்கமாக வெடிப்பது என்றார். பின்பக்கம் வெடித்தால் பிடித்தவன் முகமல்லவா கருகும்? உன் முகத்துக்கு என்ன ஆயிற்று? வெடித்தது மான்சாவுக்கு. எதிர்பாராத விளைவாம். அடுப்படியில் நிற்கிற எவளைக் கேட்டிருந்தாலும் எதிர்பார்த்துச் சொல்லியிருப்பாள். நீ யாரையும் கேட்கவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று நேராகச் சொல்லாமல் தப்பிக்க அந்த மொழியில் எத்தனை சந்து இருக்கிறது, நீ எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டாய்.

கிறிஸ்துமஸுக்கு வா. மான்சாவுக்கு எதுவும் எழுதாதே, துணிமணி வாங்கி வந்து சமாளிக்கலாம் என்றும் நினைக்காதே. நான் நன்றாக விசாரித்துவிட்டேன், கையெழுத்துப் போட்டது நாங்கள் இருவர்தான். அவள் என்னைத் திட்டக்கூடாது. என் மகனைத் திட்டக்கூடாது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. வந்ததும் அவள் அடுப்புக்கு முன்னால் போய் நில். உன்னைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள், உன்னைப் பெற்ற வயிற்றைத் திட்டுவாள். வாயைத் திறக்காமல் நின்று கேள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடவுள் உன்னை நல்ல புத்தியோடு வைக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. டிக்கெட்டை இப்போதே பதிவு செய்.

உன் அம்மா,
அராபா