சாவி உங்களிடம் இருக்கும் பெட்டி

புத்தலப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

ரூபா எழுதுவது. நானும் அத்தையும் நலம். வயிற்றில் இருப்பதும் நலம்தான், உதை தாங்க முடியவில்லை. குவைத்தில் இப்போதே வெயில் கொளுத்துகிறதாமே, நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவளுக்குக் கடிதம் ஒரு கேடா என்று சிரிக்காதீர்கள். நான் பிரசவப் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு மட்டும் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பாருங்கள். பக்கத்துத் தெரு சிரஞ்சீவி வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுக்கப் படியுங்கள்.

திருப்பதி டாக்டரம்மா போன மாதமே சொல்லிவிட்டார். போன தடவை கிழித்த இடம் நன்றாக ஆறியிருக்கிறதாம். சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம், ஆனால் பழைய தையல் விட்டுப்போகிற ஆபத்து கொஞ்சம் உண்டு, ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கிற இடத்தில்தான் பார்க்க வேண்டும் என்றார். இல்லையென்றால் வலிக்குக் காத்திராமல் நாள் குறித்து ஆபரேஷனே செய்துவிடலாம், அதற்கும் அதன் கஷ்டங்கள் உண்டு. இரண்டும் தப்பில்லை, நீதான் சொல்லணும் என்று என் கையில் விட்டுவிட்டார்.

அத்தைக்கு ஆபரேஷன் என்ற சொல்லே ஆகவில்லை. "மறுபடியும் வவுத்த கிழிச்சிக்கினு வருவியா? போன தடவ அந்த ஒரு பூட்டு நின்னு போச்சி, அதான் அப்பிடி ஆச்சி" என்று ஒரே பாட்டு.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எனக்கு அன்று வலி கண்டதும் அவர் வீட்டில் ஒரு பூட்டு விடாமல் திறந்தார். டப்பா மூடிகளைக் கழற்றினார், என் சடையை அவிழ்த்தார், மாட்டுக் கயிற்றைக்கூட அவிழ்த்துவிட்டார். வீட்டில் ஒன்று மூடியிருந்தாலும் பிள்ளைக்கு வழி கிடைக்காது என்பது உங்கள் வீட்டு வழக்கமாயிற்றே. மாடு ஜாலியாகப் போய் அடுத்தவர் வேர்க்கடலையை மேய்ந்துவிட்டு வந்தது. திறக்காமல் நின்றது உங்கள் நீல டிரங்குப் பெட்டி ஒன்றுதான். அதன் சாவி உங்களோடு குவைத்துக்குப் போயிருந்தது.

அதற்குள் என்ன இருக்கிறது என்பது அத்தைக்குத் தெரியாது. பிறக்கும் முன்னே துணி வாங்கக் கூடாது என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டும், நீங்கள் திருப்பதியில் ஆசை ஆசையாகச் சட்டைகள் வாங்கி அவருக்குத் தெரியாமல் பூட்டிவிட்டுப் போனீர்கள். நம் பெண் அழாமலே பிறந்து, அழாமலே போன பிறகுதான் போனில் என்னிடம் சொன்னீர்கள். அதோடு சரி. போன வருஷம் லீவில் வந்தபோதுகூட அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பாமலே போய்விட்டீர்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு எனக்குப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். ஏழாம் மாதத்திலிருந்து இந்த வீட்டில் மூடினது மூடினபடி இருப்பதில்லை. முதலில் அரிசி டிரம்மின் மூடி. அப்புறம் பீரோக் கதவு. மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் இறுக்கிப் பின்னிய சடை அவிழ்ந்து கிடக்கிறது. அத்தை இப்போதே ஒத்திகை பார்க்கிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவரோ ஒருநாள் என்னிடமே வந்து, "ஏம்மா, எல்லாத்தயும் தொறந்து போட்டுக்கினே கீற? இன்னும் நாளு கீதே" என்றார். நான் இல்லை அத்தை என்றேன். அவரும் தான் இல்லை என்று அம்மன் மேல் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. திறந்ததைப் பார்த்தவர் மூடிவிடுவது, அவ்வளவுதான்.

நீலப் பெட்டி மட்டும் திறக்கவே இல்லை. ஒருநாள் அதன்மேல் துணி மடித்து வைக்கும்போது உள்ளே ஏதோ சத்தம். எலியோ என்று காதை வைத்தேன். டக் டக் டக் என்று வேகமாக ஓடியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் மாமா. அன்று பிரசவ அறையில் மெஷினில் கேட்ட சத்தம். கேட்கக் கேட்க மெதுவாகி, ஒரேயடியாக நின்றுபோனதே, அதுதான்.

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. அவர் அதற்குள் ஒரு முடிவோடு இருந்தார். பூட்டையே உடைத்துவிட்டால் இந்த முறை தானாகப் பிறந்துவிடும் என்று வெல்டிங் கடை ஜெயபிரகாஷைச் சுத்தியலோடு கூட்டிவந்துவிட்டார். இந்த வயிற்றோடு பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவன் பயந்துபோய்ச் சுத்தியலையும் மறந்து ஓடினான். உங்கள் துணி மூட்டை வெளியே வந்தால், குழந்தை போனதற்கு ஆயுசு முழுக்க உங்களைத்தானே சொல்வார்? அதுதான் தடுத்தேன்.

வியாழக்கிழமை திருப்பதி போனேன். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்ததும் அதே டக் டக். நான் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டேன். கத்தி எனக்குப் பயமில்லை மாமா. அந்தச் சத்தம் எப்போது மெதுவாகுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இன்னொரு முறை படுத்திருக்க என்னால் ஆகாது. எந்தக் கதவு திறக்கும் என்று இந்த வீட்டோடு சேர்ந்து காத்திருக்கவும் ஆகாது. ஆபரேஷனே செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி குறித்திருக்கிறார்கள்.

திரும்பிவந்தபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தார், உள்ளே போக மாட்டேன் என்றார். வீட்டில் எல்லாம் மூடியிருந்தது. டப்பா, பீரோ, ஜன்னல், உள் அறைக்கதவின் பழைய பூட்டுகூட. வருஷக்கணக்காகத் திறந்தே தொங்கிய அந்தப் பூட்டுக்கு நமக்குச் சாவியே கிடையாது. நீலப் பெட்டி மட்டும் திறந்திருந்தது. பூட்டு உடையவில்லை, கொக்கியில் வாய் திறந்து தொங்கியது. அடியில் சட்டைகள் கடைக்கவரில் அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் வெளியே. மஞ்சள் சட்டை. பித்தான்கள் அவிழ்ந்திருந்தன, கழுத்துப் பட்டை ஈரமாக இருந்தது.

என் பின்னாலேயே உள்ளே வந்த அத்தை அதை எடுத்து முகர்ந்தார். "பால் வாசன அடிக்கிதுடி" என்றார். யார் வாங்கியது, எப்போது வாங்கியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் பெண்ணுக்காக அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்தாம் தேதி தானும் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து வீடு அமைதியாக இருக்கிறது. பெட்டியை நாங்கள் மூடவில்லை. மூட மனசு வரவில்லை. அவள் கோபமாக இல்லை மாமா, அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

முதலாளி காலில் விழுந்தாவது லீவு வாங்கி, பத்தாம் தேதிக்குள் வந்துவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். புதுத் துணி எதுவும் வாங்க வேண்டாம், இருப்பதே போதும். பிள்ளைக்குப் பெயர் யோசித்துக்கொண்டு வாருங்கள். இரண்டு பெயர். பெரியவளை இன்றுவரை நாம் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ரூபா