மூலை அலமாரிக்கு ஒரு கீல்

மச்சான்,

நேற்று மகள் வீட்டுச் சமையலறைக்கு அலமாரி மாட்ட வந்த தச்சர் ஒரு கீலை என் கையில் கொடுத்தார். எண்ணெய்ப் பிசுபிசுப்போடு குளிர்ந்திருந்தது. "மூலைக் கதவு எவ்வளவு கோணலா இருந்தாலும் இது மூடிடுங்க, ஐயா" என்றார். நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அறுபதுகளின் கடைசியில் கடத்தூரில் நான் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தது உனக்குத் தெரியும். முன்னால் கடை, பின்னால் நானும் உன் அக்காவும் குடியிருந்த வாடகை வீடு. கடையின் மூலையில் மண்சுவர் இரண்டும் நேராகச் சேராமல் ஒடுங்கிச் சேர்ந்தன. அந்த இடத்துக்கு நீதான் அலமாரி செய்தாய். சாதாரணக் கீல் போட்டால் கதவு பாதியில் நின்றது. தருமபுரி, சேலம் என்று கடை கடையாக அலைந்தாய். கிடைக்காமல், கடைசியில் கொல்லுப்பட்டறையில் கீலைக் காய்ச்சி வளைத்து மாட்டினாய். கதவு படிந்து மூடியது. விரல் நுழைய இடமில்லை.

ஒரு மாதத்தில் விரல் நுழைந்தது. மறுபடி வளைத்தாய். ஆடி முடிவதற்குள் மறுபடி இடைவெளி. மூன்றாம் முறை வந்தபோது நீ கதவைத் தொடவில்லை. சுவரோரம் தூக்குக்குண்டு விட்டு வெகுநேரம் பார்த்தாய்.

"மாமா, கதவுல ஒண்ணும் கோளாறு இல்லைங்க. செவுருதான் நகருது."

"வெயில்ல மரம் சுருங்கியிருக்கும், மச்சான்."

"மரத்தப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? மழைக்கு முன்ன வூட்டக் காலி பண்ணிடுங்க. அக்கா வேற மாசமா இருக்குது."

வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு இடம் போனால் வாடிக்கை கலைந்துவிடும் என்ற பயம் எனக்கு. அதற்கப்புறம் வரும்போதெல்லாம் நீ சுவரில் காதை வைப்பாய். உள்ளே மண் உதிர்கிறது என்பாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க விரும்பவும் இல்லை.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் கடையை உன் அக்காவிடம் விட்டு, சரக்கு எடுத்து வருவதாகச் சொல்லிச் சேலம் பஸ் ஏறினேன். மத்தியானம் நீ வந்து பார்த்தபோது அலமாரிக் கதவு நிலையை விட்டே பிதுங்கி நின்றதாம். அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து எதிர்வீட்டில் விட்டாய். அங்கே போனதும்தான் அவளுக்கு நினைவு வந்திருக்கிறது.

"தம்பி, மழைக்கு ஒதுங்குன பெரியவரு ஒருத்தரு உள்ள தூங்குறாரு."

நீ திரும்பி ஓடினாய். அவரை வாசலுக்கு வெளியே தள்ளினாய். உனக்கு அந்த வாசல் எட்டவில்லை.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, உன் அக்கா பேரப்பிள்ளைகளிடம் சொல்வாள்: "உங்க தாத்தா சரக்கு எடுக்கப் போயிருந்தாரு. தம்பிதான் என்னக் காப்பாத்துனான்."

நான் சரக்கு எடுக்கப் போகவில்லை, மச்சான். சுவர் விழுந்த நேரத்தில் சேலத்தில் ஒரு இரும்புக்கடையில் நின்று, இன்னும் கொஞ்சம் அதிகம் வளைந்த கீல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சொன்னது பொய் என்று காட்ட எனக்கு அது வேண்டியிருந்தது. இத்தனை வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும்.

இன்று சொல்லப்போகிறேன். உள்ளே ஜெபமாலை முடிந்துவிட்டது. அவள் எழுந்து வருகிறாள்.