ஏழு என்று எழுதினேன்

இந்த டைரி யார் கையில் கிடைத்தாலும் மூடி வைத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவிடம் காட்டாதீர்கள். அத்தையிடம் கூடவே கூடாது.

செப்டம்பர் 3, புதன்

அரியலூரில் ஒரே புழுக்கம். சிமெண்ட் லாரித் தூசி, ஜன்னல் திறக்க முடியவில்லை.

அம்மா போய் நாற்பத்தொரு நாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, இன்று அம்மாவின் பெட்டியைப் பிரித்தாள். புடவை, மருந்துச் சீட்டு, மூக்குக்கண்ணாடி. அடியில் மாதா படம்.

அம்மாவுக்கு மாதா கோயில் இருக்கும் ஏலாக்குறிச்சி. பிறப்பால் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கம். கல்யாணத்துக்காக எங்கள் ஆங்கிலிக்கன் சபைக்கு வந்தவள். அந்தப் படத்தை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை.

"கடைசி வரைக்கும் இதப் புடிச்சிக்கிட்டே கெடந்தா. இனி நம்ம வூட்டுல எதுக்குடா இது?"

"ஞாயித்துக்கெழம ஏலாக்குறிச்சி கோயில்ல வச்சிட்டு வந்துடறேன்க்கா." அப்பா படத்தைப் பார்க்கவே இல்லை.

அத்தை குளிக்கப் போனதும் எடுத்துவிட்டேன். கணக்குப் புத்தக அட்டைக்குள். அம்மாவின் விரல் பட்ட மூலை வெளுத்திருக்கிறது.

"படம் எங்கடி?"

"தெரியல அத்தை."

செப். 5, வெள்ளி

மழை வரவில்லை. சபையில் முழு அங்கத்தினராவதற்கான திடப்படுத்தல் வகுப்புத் தேர்வு நாளை. போதகர் தந்த பாடம்:

1. நிசேயா
2. கான்ஸ்டான்டிநோபிள்
3. எபேசு. மரியாள் கடவுளின் தாய்.
4. கல்சேதோன்

ஆதிகாலப் பேராயர்கள் கூடி முடிவெடுத்த இந்த நான்கு பொதுச் சங்கங்கள் நமக்கு அதிகாரம் உள்ளவை. இன்னும் மூன்று உண்டு. ஏழாவது சொன்னது: படங்களுக்கு மரியாதை செய்யலாம், ஆராதனை கடவுளுக்கு மட்டும்.

மூன்று தடவை படித்தேன். அம்மாவும் அதைத்தானே சொல்வாள்! "நான் படத்தயாடி கும்புடறேன்?"

ஏழு சங்கங்களையும் நம் சபை ஒத்துக்கொண்டால் படம் வீட்டில் இருக்கலாம்.

செப். 6, சனி

கேள்வி: நம் சபை ஏற்கும் பொதுச் சங்கங்கள் எத்தனை? நான்கு என்று தெரியும். ஏழு என்று எழுதினேன். ஏழாவதைப் பற்றி அரைப் பக்கம்.

சாயங்காலம் போதகர் விடைத்தாளோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, ஏழுன்னுட்ட? நாலுதான் உறுதி. அஞ்சு, ஆறுல பெருசா தகராறு இல்ல. ஏழாவதுலதான் வழக்கு. சங்கமே தப்பு பண்ணலாம்னு நம்ம விதிகள்ல இருக்கு." சிரித்தார். "ஆர்.சி.க்கு இருபத்தொண்ணு. நல்லவேள, அங்க போவல நீ!"

அப்பாவுக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினார். "'படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் இருப்பவருக்கே போய்ச் சேரும்.' எப்படி எழுதியிருக்கு பாருங்க சார்."

அத்தை என் பள்ளிக்கூடப் பையைப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. நானே எழுதிக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "மரியாளக் கடவுளோட தாய்னு சொன்னது எத்தனாவதுங்க ஐயா?"

"மூணாவது. அது நம்மளோடதுதான் சார்."

போதகர் போனதும் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். சாப்பிட வரவில்லை. நாளை ஞாயிறு. ஏலாக்குறிச்சிக்குக் காலையிலேயே பஸ்.

அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. உன் குரலே கொஞ்சம் மறந்துபோகிறது. இந்த மூலையைத் தொட்டால்தான்

கதவு. அத்தை இப்படி மெதுவாகத் தட்டமாட்டாள்.

"பாப்பா, தூங்கிட்டியா? அந்தப் படத்த எனக்கும் ஒருதரம் காட்டேன்."