உன் கோழிகளுக்கு வெந்நீர்

அன்புத் தங்கைக்கு,

பிஷ்கெக் மருத்துவமனையில் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாரினில் குளிர் எலும்பைத் துளைக்கிறது. எங்கள் கோழிகள் தண்ணீர்ச் சட்டியில் பனிக்கட்டியைத்தான் கொத்துகின்றன. உன் அத்தானிடம் சொன்னால், "குச்சியால உடைச்சு விடு, போதும்" என்கிறார்.

நேற்றுக் காலை அவர் தேநீர்க் கெண்டியோடு வெளியே கிளம்பியதும் பின்னாலேயே போனேன். உன் வீட்டுக் கோழிக் கொட்டிலுக்குள் நுழைந்தார். உன் கோழிகளின் சட்டி பழைய டயருக்குள் வைக்கோல் அணைப்பில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கம்பளி வேறு. வெந்நீரை ஊற்றிவிட்டு உன் பெட்டைகளிடம் கொஞ்சிப் பேசினார்.

"இந்த வித்தையெல்லாம் நம்ம வீட்டுக்குக் கிடையாதோ?" என்றேன்.

காது சிவந்துவிட்டது அவருக்கு. "அவ போறப்ப, பாத்துக்கங்க அத்தான்னு அன்பா கேட்டா. நீ என்னைக்கு அப்படிக் கேட்ருக்க?"

அடுத்த வீட்டில் அக்கா இருக்கும்போது அவரிடம் ஏன் கேட்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கெண்டியை வாங்கிக்கொண்டேன்.

இப்போது உன் கோழிகளுக்கு மூன்று வேளையும் நான்தான் வெந்நீர் வைக்கிறேன். அவர் எங்கள் கொட்டிலுக்கு டயர் தேடி அலைகிறார்.

கால் நன்றாகக் குணமாகட்டும். அவசரப்படாதே, பனி உருகிய பிறகு வந்தால் போதும்.

உன் அக்கா